முத்திரைக் கட்டத்துக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டர்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியோடு தகராறில் இருக்கிறது. உன் சுகத்துக்கு எழுது.

சுற்றி வளைக்கவில்லை, நேராகச் சொல்கிறேன். எனக்குப் படம் கிடைத்துவிட்டது. உதவியாளனாக இல்லை. ஒலிப்பதிவு என்று திரையில் என் ஒருவன் பெயர்தான் வரும். ஆறு வருஷம் மற்றவர்களுக்கு வயர் சுருட்டியது போதும்.

கதையைக் கேள். இரண்டு நாட்டு எல்லை, ஒரே சாலை. இந்தப் பக்கம் ஒரு நெட்டை அதிகாரி, அந்தப் பக்கம் ஒரு குட்டை அதிகாரி. ஒருத்தனைக் கண்டால் ஒருத்தனுக்கு ஆகாது. ஒரு லாரி நடுவில் மாட்டிக்கொள்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்தால்தான் அது நகரும். முழுக்க முழுக்கச் சிரிப்புப் படம். ஆனால் கதை எழுதியவர் எல்லை என்ற ஒன்றை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார். நான் சாப்பாட்டு நேரத்தில், "எங்க அக்கா எல்லைச் சோதனைச் சாவடியில நாலு வருஷமா இன்ஸ்பெக்டர் சார்" என்றேன். டைரக்டர் எச்சில் கையோடு எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். சட்டை போச்சு.

அதனால் எழுது. கேட் எப்படி இருக்கும், அந்தப் பக்கத்து ஆள் எப்படி, எதற்குச் சண்டை வரும், எல்லாம். உங்கள் சாவடியில் கைபேசியை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள், குடியிருப்பில் சிக்னலும் இல்லை. உனக்காகத்தான் நான் இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் மாற்றல் மனுவை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. தலைமை அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டரில் ஒருவர் இருக்கிறார். இதுவரை நாலு தடவை போய் நின்றுவிட்டேன். என் முகத்தைப் பார்த்தாலே தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார். உன்னை ஊருக்குக் கொண்டுவராமல் ஓயமாட்டேன். அம்மா ஞாயிறுதோறும் உன் அறை ஜன்னலைத் திறந்து காற்றாட விடுகிறாள்.

உடனே பதில் போடு.

தம்பி


ஜனவரி 20

அன்புள்ள அவசரத்துக்கு,

சுகமாக இருக்கிறேன். அம்மாவைப் படியேற வேண்டாம் என்று சொல். துணியைக் கீழேயே காயப்போடலாம்.

உன் பெயர் திரையில் வரும் என்பதை நாலு தடவை படித்தேன். சாவடி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. முழுக்க என்றால் மூன்று பேர்.

எங்கள் சண்டைக்கெல்லாம் மூலம் கடிகாரம். அவர்கள் நேரம் எங்களைவிட அரை மணி முன்னால். இரண்டு பக்கமும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு. எங்களுக்கு ஐந்தரை ஆகும்போது அவர்களுக்கு ஆறு, கேட்டை இறக்கிவிடுவார்கள். ஒரு டிரைவர் ஐந்தே முக்காலுக்கு என்னிடம் முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பினால், அறுபது அடி போய் அந்தக் கேட் முன்னால் நின்றுவிடுவான். முன்னாலும் போக முடியாது. நாட்டை விட்டு வெளியேறியதாக முத்திரை விழுந்துவிட்டதால் திரும்பி வரவும் முடியாது. விடியும்வரை எந்த நாட்டிலும் இல்லாமல் லாரிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் ஏன் முத்திரை போடுகிறேன் என்று கேட்காதே. ஆறு மணி வரை போட வேண்டும் என்பது விதி.

அந்தப் பக்கத்து அதிகாரிக்கு நான் வைத்த பெயர் அளவுகோல். சட்டைப் பையில் பேனா இருக்காது, ஒரு அளவுகோல் இருக்கும். முத்திரை கட்டத்துக்குள் விழுந்திருக்கிறதா என்று அளப்பான். போன வாரம் ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினான். "மேடம், முத்திரை கட்டத்துக்கு வெளியே ரெண்டு மில்லிமீட்டர் போயிருக்கு." நான், "நாடு நகர்ந்துடுச்சா சார்?" என்றேன். சிரிக்கவில்லை. சிரிப்புக்கும் ஏதாவது படிவம் நிரப்ப வேண்டும் போல.

சீக்கிரம் என்னை இங்கிருந்து கிளப்பு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

கையெழுத்துப் பக்கத்தில் மணி போடுவதைக் கேலி செய்யாதே. கேட்டில் நிற்கிற எவருக்கும் மணி எழுதாமல் கையெழுத்து வராது. நூலக அட்டையிலேயே மணி போட்டுவிட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

அக்கா, மாலை 5.40


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மா துணியைக் கீழே காயப்போட மாட்டாளாம், வெயில் போதாதாம். நீ வந்து சொல்.

உன் கடிதத்தை டைரக்டருக்குப் படித்துக் காட்டினேன். அளவுகோல் இடம் வந்ததும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். மெய்யாகவே விழுந்தார், முதுகில் பிளாஸ்திரி. குட்டை அதிகாரியின் பைக்குள் இப்போது ஒரு அளவுகோல் இருக்கிறது. கதாசிரியர் மட்டும் என்னை முறைக்கிறார்.

என் பிரச்சினைக்கு வா. கலை இயக்குநர் கேட்டுக்குப் பிளாஸ்டிக் குழாய் வாங்கி வர்ணம் அடித்து வைத்திருக்கிறார். பார்க்க இரும்பு மாதிரி இருக்கிறது. இறக்கினால் 'டொக்' என்கிறது, சோப்பு டப்பா விழுந்த மாதிரி. படத்தில் அந்தக் கேட் நாற்பத்தொரு தடவை ஏறி இறங்குகிறது. நாற்பத்தொரு சோப்பு டப்பா. தலையில் அடித்துக்கொண்டு, "இரும்புச் சத்தம் நான் கொண்டுவரேன்" என்று சவால் விட்டுவிட்டேன். உங்கள் கேட் ஏறி இறங்குவதை எப்படியாவது பதிவு செய்து அனுப்பு. ஒரு சின்னக் கருவியைப் பார்சலில் அனுப்புகிறேன். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். உனக்கே புரியும்.

மனு இரண்டாவது மேஜைக்கு நகர்ந்துவிட்டது. மூன்றாம் கவுண்டர்காரர் இன்று தண்ணீர் குடிக்கப் போகவில்லை. முன்னேற்றம்.

தம்பி


பிப்ரவரி 17

அன்புள்ள அவசரத்துக்கு,

நலம். இடது கன்னம் மட்டும் வீங்கியிருக்கிறது. பயப்படாதே, தேனீ.

கருவி வந்தது. பதிவு செய்ய முடியாது. சாவடி எல்லைக்குள் படமோ ஒலியோ எடுக்கக் கூடாது என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறது. நானே அந்தப் பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தேனீ கதையைக் கேள். திங்கட்கிழமை சாயங்காலம் நாற்பது தேனீப் பெட்டிகளோடு ஒரு லாரி. வழக்கம்போல ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி நடுவில் மாட்டிக்கொண்டது. காலையில் அந்தக் கேட் திறந்ததும் அளவுகோல் தாளை எடுத்து அளந்து, ரெண்டு மில்லிமீட்டர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். எனக்குக் கேட் திறக்க இன்னும் அரை மணி. ஆறு மணிக்கு விதிப் புத்தகத்தோடு போனேன். அவரும் அவர் புத்தகத்தோடு வந்தார். நாங்கள் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சண்டை போடுகிற நேரத்தில் வெயில் ஏறி, சூடு தாங்காமல் நாற்பது பெட்டியும் வெளியே வந்துவிட்டது.

ஒளிய இருந்த ஒரே இடம் லாரியின் முன் அறை. இரண்டு பேரும் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். லாரியில் வந்த தேனீக்காரர் வெளியே நின்று, "ஒண்ணும் பண்ணாதுங்க, அசையாம இருங்க" என்று சொல்லிக்கொண்டே பெட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்தார். ஒரு மணி ஐம்பது நிமிஷம். வேறு வேலை இல்லாததால் அவர் மேல் புகார் எழுத ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேனா இருக்கா மேடம்?" என்றார். என் கைப்பையில் இன்னொன்று இருந்தது, கொடுத்தேன். என் பேனாவை வாங்கி என் மேலேயே புகார் எழுதினார். எழுதி முடித்ததும் இரண்டு பேரும் மாற்றிப் படித்துப் பார்த்தோம். அவர் எழுதியதில் இரண்டு தப்பு இருந்தது, திருத்திக் கொடுத்தேன். என்னுடையதில் தேதி தப்பு என்றார். தப்புதான்.

அவருக்குச் சிரிக்கத் தெரியும். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

மழை இல்லை. வேலை அதிகம். அம்மாவுக்கு அன்பு.

அக்கா, மாலை 5.40 (அங்கே 6.10)


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கன்னத்துக்கு ஐஸ் வைத்தாயா?

முதலில் பெரிய செய்தி. மாற்றல் கிடைத்துவிட்டது. தலைமை அலுவலகம், இரண்டாம் மாடி, மின்விசிறிக்கு நேர் கீழே மேஜை. நான் போய் மேஜையைத் தட்டியே பார்த்துவிட்டேன், நல்ல மரம். சம்மதப் படிவம் இத்துடன் இருக்கிறது. மார்ச் 31க்குள் கையெழுத்தோடு வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கையெழுத்துப் போடு, உறையில் வை, அனுப்பு. மூன்று நிமிஷ வேலை.

இரண்டாவது, தேனீக்கள் படத்துக்குள் வந்துவிட்டன. பேனா கடன் வாங்குகிற இடத்தை ஒத்திகை பார்க்கும்போதே லைட்மேன் சிரித்துக் குலுங்கியதில் விளக்கு ஆடியது. நான் ஒரு தேன் பண்ணைக்குப் போய்ப் பெட்டிக்குள் மைக்கை இறக்கிப் பதிவு செய்தேன். அக்கா, ஒவ்வொரு பெட்டிக்கும் சுருதி வேறு. தெரியுமா உனக்கு? ராத்திரி தூக்கம் வரவில்லை.

மூன்றாவது, முடிவு சரியில்லை. கடைசியில் இரண்டு அதிகாரிகளும் கட்டிப்பிடித்து அழுகிறார்களாம். "சார், இவ்வளவு நேரம் சிரிச்சவன் எழுந்து பார்க்கிங்குக்கு ஓடிடுவான்" என்றேன். "அப்ப நீயே சொல்லு" என்கிறார். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

ஆனால் முதலில் படிவம்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள அவசரத்துக்கு,

நலம். வீக்கம் வடிந்துவிட்டது. அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை பெட்டிக்குள் மைக் இறக்கிக்கொண்டே இருக்கிறாயா?

படிவம் வந்தது. பத்திரமாக இருக்கிறது.

இங்கே ஒரு மாறுதல். லாரி நடுவில் மாட்டாமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்தோம். இரண்டு கேட்டுக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டாயிற்று. இரண்டு கால் எங்கள் பக்கம், இரண்டு கால் அவர்கள் பக்கம். கோட்டுக்கு நேராக மேஜை நடுவில் இருக்கிறதா என்று அளந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. கடைசி அரை மணி வரும் வண்டிகளின் தாள்களை அங்கே இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துவிட்டுத்தான் நான் முத்திரை போடுகிறேன். அவரும் கேட்டை இறக்காமல் வைத்திருக்கிறார். மூன்று வாரமாக ஒரு வண்டிகூட மாட்டவில்லை. இதையே வழக்கமாக்கச் சொல்லி இரண்டு தலைமை அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தைச் சேர்ந்து எழுதி அனுப்பியிருக்கிறோம். வாசகத்துக்கு நான்கு நாள் சண்டை. 'தாழ்மையுடன்' வேண்டாம் என்றேன் நான். அவர் விடவில்லை. கடைசியில் ஒரு இடத்தில் மட்டும் இருக்கிறது.

முடிவு பற்றி யோசிக்கிறேன். எனக்கும் தெரியவில்லை.

அக்கா, மாலை 5.40 (அங்கே 6.10)


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், எல்லாம் நலம். உனக்கு என்ன ஆச்சு?

படிவம் பத்திரமாக இருக்கிறதாம். பத்திரமாக வைக்க அது என்ன நகையா? மேஜைக்கு எத்தனை கால் என்று எழுத நேரம் இருக்கிறது, கையெழுத்துப் போட நேரம் இல்லை. நாலு வருஷமாக "கிளப்பு, கிளப்பு" என்றது நீதான். கிளப்பினேன். இப்போது இறங்கி நின்றுகொண்டிருக்கிறாய்.

நேற்று வரை தபால்காரரைப் பார்த்தேன். வரவில்லை. இன்று காலை மூன்றாம் கவுண்டரில் இன்னொரு படிவம் வாங்கி, உன் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டவன்தானே, இது என்ன. கவுண்டர்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். முடிந்தது. திட்டுவதென்றால் ஊருக்கு வந்து திட்டு.

தேனீக் காட்சி எடுத்தாயிற்று. பெட்டிகள் காலி, ஆனால் எங்கிருந்தோ ஒரே ஒரு நிஜத் தேனீ வந்து நெட்டை நடிகரின் காதில் கொட்டியது. அவர் போட்ட சத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டோம். எந்த நடிகனாலும் அப்படி நடிக்க முடியாது. கேட் சத்தம் மட்டும் இன்னும் சோப்பு டப்பா.

அம்மா உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிவிட்டாள்.

தம்பி


மார்ச் 30

அன்புள்ள அவசரத்துக்கு,

நலம். வேலைக்கு நடுவே எழுதுகிறேன்.

நீ கேட்ட கேட் சத்தம், உன் கருவியிலிருந்து கழற்றிய இந்த நினைவக அட்டையில் இருக்கிறது. விதியை மீறவில்லை. தடை எங்கள் பக்கத்தில்தான். அவர்கள் விதிப் புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை, இரண்டு தடவை தேடிப் பார்த்தாயிற்று. மேஜையின் அவர்கள் பாதியில் கருவியை வைத்து எடுத்தேன். எங்கள் கேட் ஒன்று, அவர்கள் கேட் ஒன்று. போதுமா?

படிவம் பற்றி விரிவாக எழுதுகிறேன். கொஞ்சம் பொறு.

அக்கா, மாலை 5.40 / 6.10


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். நான் நலமா என்று கடைசியில் சொல்கிறேன்.

அட்டை நேற்று வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். முதலில் சங்கிலி, பிறகு எதிர்ப்பளு முனகுகிறது, பதினோரு நொடியில் மேலே போய் ஒரு 'கணார்'. அக்கா, நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இரண்டாவது கேட்டுக்கு இன்னும் ஆழமான குரல். சோப்பு டப்பாக்களை எல்லாம் தூக்கிப் போட்டாயிற்று.

பதிவு அதோடு முடியவில்லை. மேஜை மேல் ஒரு கோப்பை வைக்கும் சத்தம். அதே மேஜை மேல் இன்னொரு கோப்பை. மரம் ஒன்று, எதிரொலி ஒன்று, எனக்குத் தெரியாதா. பிறகு ஒரு ஆண் குரல்: "நிறுத்தியாச்சா?" உன் குரல்: "ஆச்சு." ஆகவில்லை அக்கா. சிவப்புப் பொத்தானை நீ சரியாக அமுக்கவில்லை.

"உன் தம்பி இதுல வேற எதையாவது கண்டுபிடிப்பானா?"

"நீ சும்மா இரு. அவனுக்குப் பாம்புக் காது. ஆனா இரும்புச் சத்தம் மட்டும்தான் கேக்கும்."

அதற்குப் பிறகு நீ சிரித்தாய். நாலரை நொடி. உன் பக்கத்தில் சத்தமே இல்லாமல் ஒரு சட்டைத் துணி உரசுகிறது. தோள் குலுங்கினால் அப்படித்தான் கேட்கும்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு உன் கடிதங்களை எல்லாம் எடுத்தேன். முதலில் 'அனுப்பினான்', பிறகு 'அனுப்பினார்', பதிவில் 'நீ சும்மா இரு'. முதலில் ஒரு மணி, பிறகு அடைப்புக்குறிக்குள் அவர்கள் மணி, கடைசியில் அடைப்புக்குறியும் இல்லை. தினமும் 5.40க்கு அவர் வேலை நேரம் முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அதற்கப்புறமும் ஒரு மனுஷன் அந்த மேஜையை விட்டுப் போகவில்லை. என் அக்காவும் போகவிடவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவன் நான். எனக்குப் போய் இது மூன்று மாதமாகக் கேட்கவில்லை.

பிறகுதான் படிவம் ஞாபகம் வந்தது. சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் தலைமை அலுவலகத்துக்கு ஓடினேன். மூன்றாம் கவுண்டர்காரரிடம் கையெழுத்து என்னுடையது, நான்தான் போட்டேன், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அதை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மணி எங்கய்யா?"

"என்ன மணி?"

"நானும் பதினோரு வருஷம் கேட்ல நின்னவன். கேட் இன்ஸ்பெக்டர் மணி போடாம கையெழுத்துப் போட மாட்டாங்க. வாங்கும்போதே தெரிஞ்சுது. உன்னைப் பார்த்தா குதிக்கிற ஆளாத் தெரிஞ்சுது. அதான் மேல அனுப்பாம வச்சிருந்தேன்."

இழுப்பறையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். அங்கேயே நாலாகக் கிழித்தேன். ஏப்ரல் 30 வரை நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தார். அசல் படிவம் உன்னிடம் இருக்கிறது. வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். நீயே போடு, மணியோடு.

உன் பெயரில் கை வைத்தது தப்பு. மன்னித்துவிடு. இதை இரண்டு தடவை எழுதமாட்டேன்.

பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மாவுக்குக் கேட் ஒன்றும் புரியவில்லை. சிரிப்பு வந்ததும் "திரும்பப் போடு" என்றாள். ஐந்து தடவை கேட்டாள். "இந்த வீட்டுல அவ இப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்லடா" என்றாள். புதுத் திரைச்சீலையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "உன் ஒயரையெல்லாம் அந்த அறையில கொண்டுபோய்ப் போட்டுக்கோ, கூடத்துல தடுக்குது" என்றாள்.

முடிவு கிடைத்துவிட்டது. நெட்டை அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. எல்லோரும் வழியனுப்ப நிற்கிறார்கள். குட்டை அதிகாரி உத்தரவை வாங்கிப் படிக்கிறார். பையிலிருந்து அளவுகோலை எடுக்கிறார். அளக்கிறார். "முத்திரை கட்டத்துக்கு வெளியே ரெண்டு மில்லிமீட்டர் போயிருக்கு. செல்லாது." இரண்டு கேட்டும் ஒன்றாக மேலே போகின்றன, உன் இரும்பு முழங்குகிறது, படம் முடிகிறது. நான் சொல்லி முடித்ததும் டைரக்டர் எழுந்து போய்க் கதாசிரியரைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்தக் கட்டிப்பிடி அங்கேயே தீர்ந்தது நல்லது.

நான் நலம். ரொம்ப நலம்.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

உன் மார்ச் 29 கடிதம் வந்த அன்று அதைத் துண்டு துண்டாகக் கிழிக்க எடுத்தேன். அவர்தான் கையைப் பிடித்தார். "தம்பிதானே, அடுத்த கடிதம் வரட்டும்" என்றார். வந்தது. மூன்றாம் கவுண்டர்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். உன் முதுகில் நாலு வைக்க வேண்டியது பாக்கி இருக்கிறது, மறக்கமாட்டேன்.

உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் மேஜைக் காலைப் பற்றியெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு வருஷம் உன்னை அலைய வைத்துவிட்டு, கிடைத்ததும் வேண்டாம் என்றால் நீ ஆடிவிடுவாய் என்று பயம். ஆடத்தான் ஆடினாய்.

படிவத்தை இன்று அனுப்பிவிட்டேன். 'சம்மதம் இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டு, கையெழுத்தும் மணியும் போட்டிருக்கிறேன். எங்கள் கூட்டுக் கடிதத்துக்கு இரண்டு தலைமை அலுவலகமும் ஒத்துக்கொண்டுவிட்டன. மேஜை இனி அதிகாரபூர்வம். 'தாழ்மையுடன்' என்ற ஒரு வார்த்தையால்தான் நடந்தது என்று ஒருவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றதை அவரே அம்மாவிடம் வந்து பேசுவாராம். அதற்கு என்ன படிவம் என்று கேட்கிறார்.

உன் முடிவை வாசித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. "அன்னைக்கு ரெண்டு இல்ல, ஒன்றரைதான். உன் மேல இருந்த கோபத்துல முழுசாக்கிட்டேன்" என்றார். இரண்டு மாதம் கழித்து வாக்குமூலம். அந்த அரை மில்லிமீட்டருக்காக நாற்பது பெட்டித் தேனீ.

படம் வெளியாகும் அன்று இரண்டு பேருக்கும் விடுப்பு கிடைத்திருக்கிறது. இரண்டு சீட்டு எடுத்து வை, பக்கத்துப் பக்கத்தில். தியேட்டரில் இரண்டு இருக்கைக்கும் நடுவில் கைப்பிடி ஒன்றுதான் இருக்குமாமே. அதில் யார் கை வைப்பது என்று இப்போதே தகராறு. அளந்து பாதிப் பாதி என்கிறார். நான் ஒத்துக்கொள்வதாக இல்லை.

அக்கா, மாலை 5.40 / 6.10

(அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், அக்காவின் பேனாவில்)

சரிபார்த்தேன். 6.11